கிறிஸ்துமஸ் ரோஸ்மேரி மரம்: 1,249 ரூபாய் கொடுத்து வாங்கலாமா?



டிசம்பர் வந்தாச்சு. உங்க ஆபீஸ்ல சீக்ரெட் சான்டாவுக்குச் சீட்டு குலுக்கியிருப்பாங்க. போனைத் திறந்தா ஒரு அடி உயரத்துல கோபுரம் மாதிரி வெட்டின பச்சைச் செடி, அடியில சிவப்பு ரிப்பன், உச்சியில குட்டி நட்சத்திரம். "ரோஸ்மேரி கிறிஸ்துமஸ் ட்ரீ. அழகுக்கு அழகு, சமையலுக்கு இலை, முடிக்கு மருந்து"ன்னு விளம்பரம் வரும். கை தானா 'பை நவ்' பக்கம் போகும்.

என் கையும் போச்சு, 2022 டிசம்பர்ல. எனக்காக வாங்கல, சங்ககிரியில இருக்கிற அப்பாவுக்காக. அப்பா முப்பது வருஷம் லாரி ஓட்டினவர். எங்க ஊர்ல லாரித் தொழில்ல ஒருத்தராவது இல்லாத வீட்டைத் தேடிப் பிடிக்கிறது கஷ்டம். வண்டியை விட்டு இறங்கின பிறகு மொட்டை மாடியில துளசி, கறிவேப்பிலை, செம்பருத்தின்னு தொட்டி வச்சுப் பொழுதை ஓட்டிட்டு இருந்தார். அவருக்கு ஒரு புதுச் செடி அனுப்பலாம்னு ஆன்லைன்ல ஒரு ஹேம்பர் ஆர்டர் பண்ணினேன். செடி, வெள்ளை செராமிக் தொட்டி, வாசனை மெழுகுவத்தி, சீரியல் லைட். மொத்தம் 1,249 ரூபாய், கிரெடிட் கார்டுல.

அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். தெருவுல பாக்கிறவங்களுக்கெல்லாம் இலையைக் கசக்கி மோந்து பாக்கக் கொடுத்திருக்கார். காலையில ஒரு சொம்பு, சாயந்திரம் ஒரு சொம்பு தண்ணி. துளசிக்கு எப்படியோ அப்படியே இதுக்கும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். செடி பழுப்பேறி நின்னுட்டு இருந்தது. தொட்டா இலை பொலபொலன்னு கொட்டுது.

"நான் ஒரு நாள்கூடத் தண்ணி விடாம இருந்ததில்ல சாமி"ன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு, "என்ன வெலை குடுத்தே?"

"இருநூறு ரூவாதானுங்கப்பா."

தினமும் அடுத்தவங்க பில்லை வரி வரியா படிக்கிறவன் நான். அந்தப் பெட்டிக்குள்ள என்ன எழுதியிருந்தது, என்ன எழுதலைன்னு பாக்கவே இல்ல. செடி செத்ததுக்கு அப்பா காரணம் இல்ல. "இதுக்குத் தினமும் தண்ணி வேண்டாம்"னு ஒரு வரி அந்தப் பெட்டியில இல்ல, அதை நானும் சொல்லல. அதனால செத்தது. அதுக்கப்புறம் நான் படிச்சது, நர்சரிகள்ல கேட்டது, ரெண்டாவது தடவை வளர்த்துப் பாத்தது எல்லாம்தான் இந்தப் பதிவு.

முதல்ல, இது மரமே இல்ல

ரோஸ்மேரி ஒரு புதர்ச் செடி. ஸ்பெயின், இத்தாலி, கிரீஸ்னு மத்தியதரைக் கடலைச் சுத்தி இருக்கிற கல்லுப் பாங்கான சரிவுகள்தான் அதோட பிறந்த ஊர். துளசி, புதினா, கற்பூரவல்லி எல்லாம் இதுக்குச் சொந்தக்காரங்க, ஒரே தாவரக் குடும்பம். அப்பா துளசி மாதிரி நினைச்சதுல ஒரு நியாயம் இருக்கு. ஆனா சொந்தமா இருந்தாலும் குணம் வேற. துளசி வாடினா தலையைத் தொங்கப் போடும், தண்ணி ஊத்தினா எழுந்துக்கும். ரோஸ்மேரி வாடுறது வெளியில தெரியவே தெரியாது. ஊசி மாதிரி இலை, உள்ள ஈரம் போனாலும் விறைப்பாவே நிக்கும். நமக்குத் தெரியும்போது பாதி கதை முடிஞ்சிருக்கும்.

அந்தக் கோபுர வடிவம் வெட்டி உண்டாக்கினது. அமெரிக்காவுல பல வருஷமாவே டிசம்பர் மாசம் சூப்பர் மார்க்கெட்ல இப்படி வெட்டின ரோஸ்மேரியைக் குட்டி கிறிஸ்துமஸ் மரம்னு விக்கிறாங்க. இப்போ ஆன்லைன் கிஃப்ட் வழியா நமக்கும் வந்திருக்கு. அடர்த்தியா தெரியணும்னு ஒரே தொட்டியில ரெண்டு மூணு செடியைச் சேர்த்து நட்டிருக்கிறதும் உண்டு. வெளிப்பக்கம் திரும்பத் திரும்ப வெட்டுறதால உள்பக்கம் வெளிச்சம் போகாம வெறும் குச்சியா இருக்கும். இது பின்னாடி நமக்கு முக்கியம், ஞாபகம் வச்சுக்கோங்க.

பில்லைப் பிரிச்சுப் பாக்கலாம்

இது என் ஏரியா, கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

ஜிஎஸ்டியில உயிருள்ள செடிகளுக்கு வரி கிடையாது. மண் தொட்டிக்கும் கிடையாது. ஆனா நான் வாங்கினது செடி இல்ல, ஹேம்பர். ஒண்ணோட ஒண்ணு இயல்பா சேராத பொருள்களை ஒரே பெட்டியில போட்டு ஒரே விலைக்கு வித்தா, அதுக்கு ஜிஎஸ்டி சட்டத்துல 'மிக்ஸ்டு சப்ளை'ன்னு பேர். உள்ள இருக்கிறதுல எந்தப் பொருளுக்கு வரி ரேட் அதிகமோ, அந்த ரேட்தான் மொத்தப் பெட்டிக்கும். வரியே இல்லாத செடி, மெழுகுவத்தியோடயும் லைட்டோடயும் ஒரே பெட்டியில ஏறினதால வரி கட்டுது. தீபாவளி ஸ்வீட் பாக்ஸ், நியூ இயர் கிஃப்ட் பாக்ஸ் எல்லாத்துலயும் இதே விளையாட்டு இருக்கு. அடுத்த தடவை ஹேம்பர் வாங்கினா பில்லுல வரியைப் போட்டிருக்கிற விதத்தைக் கொஞ்சம் பாருங்க.

ரெண்டாவது தடவை, 2024 ஜனவரியில குடும்பத்தோட கோத்தகிரி போனப்போ ரோட்டோர நர்சரியில கையளவு ரோஸ்மேரி நாத்து ஒண்ணு 80 ரூபாய்க்கு வாங்கினேன். ஊருக்கு வந்து மண் தொட்டி 60 ரூபாய். ரிப்பன் வீட்டுலயே ஏதோ ஸ்வீட் பெட்டியில கட்டி வந்தது. மொத்தம் 140. அப்போ மீதி 1,109 ரூபாய்க்கு நான் முதல்ல என்ன வாங்கினேன்? வடிவம், பெட்டி, வீடு தேடி வர்ற வசதி, "டிசம்பர்ல கொடுத்தேன்"ங்கிற திருப்தி.

அது தப்புன்னு சொல்ல வரல. கோபுரமா வெட்டி வளர்க்கிறதுக்கு ஒருத்தர் மாசக்கணக்கா வேலை பாத்திருக்கார், அதுக்குக் கூலி உண்டு. பத்து நாள் மேஜையில அழகா இருந்தா போதும்னு முடிவு பண்ணி வாங்கினீங்கன்னா, அது பூங்கொத்து வாங்கின மாதிரி செலவு. தாராளமா பண்ணுங்க. ஆனா "வருஷக்கணக்கா இருக்கும், இலை பறிச்சுக்கலாம்"னு சொத்துக் கணக்குல எழுதிக்கிட்டு வாங்கினா, ஜனவரி கடைசியில ஏமாந்து நிப்பீங்க. பெரும்பாலான கடை விளம்பரம் பூங்கொத்தைச் சொத்துன்னு சொல்லித்தான் விக்குது.

மரம்தான் வேணும்னா

எனக்குத் தெரிஞ்ச முதல் கிறிஸ்துமஸ் மரம் சவுக்குக் கிளை. சங்ககிரியில எங்க தெருவுல இருந்த ஒரு வீட்டுல டிசம்பர் இருபது தேதி வாக்குல ஒரு கிளையைக் கொண்டு வந்து, மண் நிரப்பின பெயின்ட் டப்பாவுல நட்டு, பனிக்குப் பதிலா பஞ்சைப் பிச்சு ஒட்டுவாங்க. தமிழ்நாடு முழுக்க ரொம்ப காலமா இருக்கிற வழக்கம் இது. ஜனவரியில அது அடுப்புக்குப் போயிடும். பராமரிப்புச் செலவு பூஜ்யம்.

நர்சரியில 'கிறிஸ்துமஸ் ட்ரீ'ன்னு கேட்டா எடுத்துக் கொடுக்கிறது அரக்கேரியா. தட்டுத் தட்டா கிளை விரிக்கும், பாக்க லட்சணமா இருக்கும். ஆனா இது நிஜமாவே பெரிய மரம். பசிபிக் தீவுகள்ல இருந்து வந்தது, நிலத்துல விட்டா தென்னையைத் தாண்டி வளரும். உச்சியை வெட்டினா வடிவம் கெட்டுப் போகும். தொட்டியில சில வருஷம் வச்சுக்கலாம், அப்புறம் அதுக்கு இடம் தேடணும். வாடகை வீட்டுக்காரங்க யோசிச்சு வாங்குங்க.

கோபுர வடிவம்தான் ஆசைன்னா என் ஓட்டு துஜாவுக்கு. வெட்டாமலேயே கூம்பா வளரும், நம்ம ஊர் வெயிலைத் தாங்கும், ஊருக்கு ஊர் ரோட்டோர நர்சரியில கிடைக்கும். ரோஸ்மேரி மாதிரி வாசனை கிடையாது, இலையைச் சமையல்ல போட முடியாது. ரோஸ்மேரியை நான் சிபாரிசு பண்றது அந்த வாசனையும் இலையும் வேணும்ங்கிறவங்களுக்கு மட்டும்தான்.

வாங்கும்போது என்ன பாக்கணும்

கடையில நேர்ல வாங்கினா முதல் வேலை, தொட்டியைச் சுத்தியிருக்கிற பளபளப்புத் தாளை விலக்கிப் பாருங்க. அடியில ஓட்டை இருக்கா? அந்தத் தாளுக்குள்ள தண்ணி தேங்கி நிக்குதா? ரோஸ்மேரியோட முதல் எதிரி அந்த அலங்காரத் தாள்தான். தண்ணி வெளிய போக வழியில்லாம வேர் ஊறிட்டே இருக்கும்.

அடுத்து, இலைகளை விலக்கி உள்பக்கம் பாருங்க. உள்ள கொஞ்சம் காய்ஞ்ச இலை இருக்கிறது சகஜம். ஆனா கையால லேசா தடவினதும் பச்சை இலையே கொட்டுதுன்னா வச்சுட்டு வந்துடுங்க. மண்ணை மோந்து பாருங்க. சாக்கடை வாடை அடிச்சா வேர் அழுக ஆரம்பிச்சிருக்கு. இலை மேல மினுமினுப்புத் தூளோ வெள்ளை ஸ்ப்ரேயோ அடிச்சிருந்தா அந்த இலை சமையலுக்கு ஆகாது. அலங்காரத்துக்குன்னு விக்கிற செடியில என்ன பூச்சிமருந்து அடிச்சாங்கன்னு நமக்குத் தெரியாது. அதனால எப்படியும் முதல் ரெண்டு மூணு மாசம் இலை பறிக்காம, புதுத் துளிர் வந்த பிறகு அதை மட்டும் பறிங்க.

எங்க வளர்ந்த செடின்னு கேளுங்க. நீலகிரியில எண்ணெய்க்காகவும் காய்ஞ்ச இலைக்காகவும் ரோஸ்மேரியை விவசாயமாவே பண்றாங்க, அங்க இருந்து நாத்தும் வருது. மலையில குளுகுளுன்னு வளர்ந்த செடியை நேரா சங்ககிரி மாடி வெயில்ல வச்சா அடிபடும். இதையும் வாங்கினதும் பண்ண வேண்டியதையும் கீழ சொல்றேன்.

ஆன்லைன்ல வாங்கினா, ஆர்டர் போடுறதுக்கு முன்னாடியே ரிட்டர்ன் பாலிசியைப் படிங்க. உயிருள்ள செடிக்கு ரிட்டர்ன் இல்லைன்னு நிறைய இடத்துல சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க. பெட்டி பிரிக்கிறதை வீடியோ எடுத்து வைங்க. செத்த செடியை அனுப்பிட்டுப் பதில் சொல்லலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கு. விதைப் பாக்கெட் வாங்குறதை நான் தடுப்பேன். ரோஸ்மேரி விதை முளைக்கிறது ரொம்ப மெதுவு, முளைக்கிறதும் கொஞ்சம்தான்.

தண்ணிதான் மொத்தக் கதையும்

அப்பாவோட செடி ஏன் செத்ததுன்னு பாத்தீங்கன்னா, வேருக்கும் மூச்சு விடக் காத்து வேணும். மண்ணுல இருக்கிற சின்னச் சின்ன இடைவெளியில காத்து இருக்கும். தினமும் தண்ணி ஊத்தினா அந்த இடைவெளி முழுக்க தண்ணி நிரம்பி வேர் மூச்சு முட்டுது. அப்புறம் பூஞ்சைக் கிருமி வந்து அழுக வைக்குது. அழுகின வேரால தண்ணியை உறிஞ்ச முடியாது. அதனால மேல இலை காயுது.

இங்கதான் வேடிக்கை. தண்ணி அதிகமாகிச் சாகுற செடி, தண்ணி இல்லாமச் சாகுற செடி மாதிரியே இருக்கும். இலை காயறதைப் பாத்துட்டு நாம இன்னும் ஒரு சொம்பு ஊத்துவோம். விழுந்துட்டே இருக்கிற ஒரு மோசமான கம்பெனி ஷேரை "ஆவரேஜ் பண்றேன்"னு மேல மேல வாங்குறவங்க என்கிட்ட நிறைய பேர் வருவாங்க. அதே தப்புதான். ஏன் விழுதுன்னு பாக்காம மருந்தைக் கூட்டுறது.

அதனால கிழமை பாத்துத் தண்ணி ஊத்தாதீங்க. விரலை ரெண்டு கணு ஆழத்துக்கு மண்ணுக்குள்ள விடுங்க. காய்ஞ்சிருந்தா மட்டும், அடி ஓட்டை வழியா ஒழுகுற வரைக்கும் நல்லா ஊத்துங்க. அடித்தட்டுல தேங்கினதைக் கொட்டிடுங்க. அப்புறம் மறுபடி காயுற வரை தொடாதீங்க. கொஞ்ச நாள் ஆனா தொட்டியைத் தூக்கிப் பாத்தே தெரிஞ்சுடும், கனமா இருந்தா வேண்டாம். எங்க மாடியில டிசம்பர், ஜனவரியில வாரம் ஒரு தடவை போதுது. ஏப்ரல், மே மாசத்துல ரெண்டு நாளுக்கு ஒரு தடவை ஆகுது. உங்க தொட்டி, உங்க மாடிக்கு இந்தக் கணக்கு மாறும், விரலை நம்புங்க.

மண் கலவை: செம்மண் ஒரு பங்கு, பெரு மணலோ பெர்லைட்டோ ஒரு பங்கு, நல்லா மக்கின தொழு உரமோ மண்புழு உரமோ அரைப் பங்கு. கடையில விக்கிற வெறும் தேங்காய் நார்க் கலவையில மட்டும் வைக்காதீங்க, அது ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும். செராமிக்கை விட மண் தொட்டி நல்லது, பக்கவாட்டுலயும் ஈரம் வெளிய போகும்.

ஒரு நல்ல சேதியும் இருக்கு. நம்ம பக்கத்துப் போர்த் தண்ணி உப்பும் சுண்ணாம்புமா இருக்கும், குழாய் முனையில வெள்ளையா படியும். நிறைய செடிக்கு அது ஆகாது. ரோஸ்மேரி சுண்ணாம்பு நிலத்துலயே வளர்ந்து பழகினது, அதை ஓரளவு பொறுத்துக்கும். சங்ககிரியில சிமெண்ட் ஃபேக்டரி வந்ததே இங்க கிடைக்கிற சுண்ணாம்புக் கல்லாலதான். அந்த ஒரு விஷயத்துல மட்டும் இத்தாலிக்கும் நமக்கும் ஒத்துப் போகுது.

டிசம்பர்ல வாங்கினதை மே தாண்ட வைக்கிறது

வீட்டுக்குள்ள ஏசி ரூம்லயோ ஹால் மூலையிலயோ பத்து நாளுக்கு மேல வைக்காதீங்க. ரோஸ்மேரிக்கு ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நல்ல வெளிச்சம், கூடவே காத்தோட்டம் வேணும். காத்து இல்லாத இடத்துல இலையில மாவு தெளிச்ச மாதிரி வெள்ளைப் படிவம் வரும். பண்டிகைக்கு உள்ள, முடிஞ்சதும் வெளிய.

வெளிய கொண்டு போறதும் படிப்படியாதான். முதல் நாலு நாள் நிழல்ல, அப்புறம் காலை வெயில் ரெண்டு மணி நேரம், ஒரு வாரம் பத்து நாள்ல முழு காலை வெயில். டிசம்பர், ஜனவரியில நம்ம சமவெளியில ராத்திரி குளிர் இருக்கும், மழை ஓய்ஞ்சிருக்கும். அதனால ஒரு வகையில இந்த விற்பனைக் காலம் செடிக்கும் நல்ல காலம். இந்த மூணு மாசத்துல வேர் பிடிச்சாத்தான் வெயிலைத் தாங்கும். செடி கொஞ்சம் தேறினதும், ஜனவரியிலேயே கொஞ்சம் பெரிய மண் தொட்டிக்கு மாத்திடுங்க.

மார்ச்சுல இருந்து மதிய வெயில் படாத இடத்துக்கு நகர்த்துங்க. கிழக்குச் சுவர் ஓரம்னா அருமை. கான்கிரீட் தளத்துல நேரா வைக்காம ரெண்டு செங்கல் மேல வைங்க. தளம் சுடுறது வேருக்கு ஏறும், கறுப்பு பிளாஸ்டிக் தொட்டின்னா இன்னும் மோசம். மதியம் செடி வாடுற மாதிரி தெரிஞ்சா பயந்து அப்பவே தண்ணி ஊத்தாதீங்க, சாயந்திரம் மண்ணைத் தொட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

என் அனுபவத்துல வெயிலை விட மழைதான் ஆபத்து. எங்க வீட்டுல அப்போ மூணு தொட்டி இருந்தது. 2024 ஐப்பசி மழையில ஒரு வாரம் திறந்த வெளியிலயே விட்டுட்டோம், ஒண்ணு போயிடுச்சு. அடைமழைக் காலத்துல சன்ஷேடு அடியில இழுத்து வச்சுடுங்க.

வெட்டுறது பத்தி. அந்தக் கோபுர வடிவத்தைக் காப்பாத்தணும்னா, அடிக்கடி பச்சை நுனியை மட்டும் விரலளவு கிள்ளுங்க. இலையே இல்லாத பழைய கட்டைக் குச்சி வரைக்கும் வெட்டினா அங்க பெரும்பாலும் துளிர் வராது. உள்பக்கம் வெறும் குச்சின்னு மேல சொன்னது இதுக்குத்தான், ஆழமா வெட்டினா அந்த ஓட்டை அப்படியே நிக்கும். எங்க அம்மா வடிவத்தை எல்லாம் கண்டுக்கல. இப்போ அது சாதாரணப் புதர்தான், ஆனா நல்லா இருக்கு.

ஒண்ணு நாலாகும், வரி என்ன ஆகும்?

ரோஸ்மேரியில உண்மையான 'ரிட்டர்ன்' கட்டிங்ல இருக்கு. குளிர் மாசத்துல, பூக்காத இளங்கிளை நுனியை நாலு விரல் நீளத்துக்கு வெட்டி, அடிப் பாதி இலையை உருவிட்டு, ஈர மணல்ல நட்டு நிழல்ல வைங்க. மணல் ஈரமா இருக்கணும், சொதசொதன்னு இருக்கக் கூடாது. ஆறு வாரம் வாக்குல லேசா இழுத்துப் பாத்தா பிடிமானம் தெரியும். அஞ்சு நட்டா எங்களுக்கு ரெண்டு மூணு பிழைக்குது.

போன வருஷம் கோயம்புத்தூர்ல ஐடியில வேலை பாக்கிற ஒரு தம்பி கேட்டார்: "அண்ணா, நான் வீக்எண்ட்ல மாடியில நாத்து போட்டு ஆபீஸ்லயே விக்கிறேன். இதை ஐடிஆர்ல காட்டணுமா?"

நல்ல கேள்வி. நர்சரியில வளர்த்த நாத்து, கன்றுகள்ல இருந்து வர்ற வருமானம் விவசாய வருமானம்னு 1961 வருமான வரிச் சட்டத்துல 2008 நிதிச் சட்டம் மூலமா தெளிவாவே எழுதிட்டாங்க. 2025 புதுச் சட்டத்துலயும் அது தொடருது. விவசாய வருமானத்துக்கு நேரடியா வரி இல்ல. ஆனா காட்டணும். வருஷத்துக்கு 5,000 ரூபாய் வரைக்கும்னா சம்பளக்காரங்க வழக்கமா போடுற ஐடிஆர் 1 ஃபார்ம்லயே காட்டிடலாம். அதைத் தாண்டினா ஐடிஆர் 1 போட முடியாது, வேற ஃபார்ம். 5,000 தாண்டின விவசாய வருமானம் உங்க சம்பளத்துக்கு எந்த ஸ்லாப் ரேட்னு கணக்குப் போடும்போது உள்ள வரும்.

ஒரு எச்சரிக்கை. நீங்களே வளர்த்ததுக்குத்தான் இது. ஊட்டியில இருந்து நூறு செடி வாங்கி, ரிப்பன் கட்டி டிசம்பர்ல வித்தீங்கன்னா அது வியாபாரம், லாபத்துக்கு வரி உண்டு. அந்தத் தம்பி ரெண்டையும் கலந்து பண்ணிட்டு இருந்தார். தனித்தனியா கணக்கு எழுதச் சொன்னேன். அதோட, கம்பெனி வேலை ஒப்பந்தத்துல வெளி வருமானம் பத்தி என்ன இருக்குன்னு பாக்கச் சொன்னேன்.

முடி விஷயம்

இதைச் சொல்லலைன்னா விட மாட்டீங்க. 2015ல வந்த ஒரு ஆய்வுல, பரம்பரை வழுக்கை இருக்கிற 100 பேரை ரெண்டா பிரிச்சு, ஒரு குழுவுக்கு ரோஸ்மேரி எண்ணெயும் இன்னொரு குழுவுக்கு 2 சதவீத மினாக்சிடிலும் ஆறு மாசம் கொடுத்தாங்க. மூணு மாசத்துல ரெண்டு பக்கமும் பெரிய மாற்றம் இல்ல, ஆறு மாசத்துல ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு முன்னேற்றம். சின்ன ஆய்வு அது. எதுவுமே போடாத மூணாவது குழுன்னு ஒண்ணு அதுல இல்ல. முக்கியமா, அவங்க பயன்படுத்தினது எண்ணெய். தொட்டிச் செடியில நாலு கிளையைக் கொதிக்க வச்ச தண்ணி வேற. மாசம் 600 ரூபாய்க்கு ஸ்ப்ரே பாட்டில் சப்ஸ்கிரிப்ஷன் எடுத்திருக்கிறவங்க, அதுக்குப் பதிலா ஒரு தடவை தோல் டாக்டரைப் பாத்தா கணக்கு சரியா வரும்.

சமையல்ல? உருளைக்கிழங்கு ரோஸ்ட்ல நாலு இலை நல்லா இருக்கு. நாட்டுக்கோழி வறுவல்ல போட்டுப் பாத்தேன், அம்மா இன்னைக்கு வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டுறாங்க.

கோத்தகிரிச் செடியை அப்பாகிட்ட கொடுத்தப்போ, இந்தத் தடவை வாய்விட்டுச் சொன்னேன்: "விரலை விட்டுப் பாத்துட்டுத்தானுங்கப்பா தண்ணி." அவருக்குக் கோவம் வரல. "முன்னாடியே சொல்லியிருந்தீன்னா அதுவும் பொழைச்சிருக்குமே கண்ணு"ன்னார். இப்போ மாடியில பெரிய தொட்டி ரெண்டு, கட்டிங் போட்ட சின்ன டப்பா ஏழு. பழைய லாரி நண்பர்கள் வந்தா ஆளுக்கு ஒண்ணு கொடுத்து, விரலை விட்டுக் காட்டித்தான் அனுப்புறார்.

கட்டிங் போடுறதை அப்பாவையே வச்சு வீடியோ எடுத்திருக்கோம், வெள்ளிக்கிழமை சேனல்ல வரும். அப்பா இந்தப் பதிவைப் படிக்க மாட்டார், வீடியோவை மட்டும் தவறாம பாப்பார். அதனால வீடியோவுல அந்த 1,249 ரூபாய் கணக்கு இருக்காது.